நம் வழியை லேசாக்கியவர்கள்: உங்களுக்கு யாராவது உண்டா?

நானே ஆரம்பிக்கிறேன். சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு மூன்று தடவை நடந்து போயிருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல், காவி கட்டி, காலில் செருப்பில்லாமல். ஆகஸ்ட் 29 மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் வெயிலுக்குப் பயந்து ராத்திரி 2 மணிக்கே கிளம்பிவிடுவோம். முதல் தடவை, நாலாவது நாள், மரக்காணம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். உள்ளங்காலில் பெரிய கொப்புளம், உடைந்துவிட்டது. உப்பளக் காற்று வேறு. செபமாலையில் எந்தப் பத்து மணி ஓடுகிறது என்றுகூடத் தெரியாமல் வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

இருட்டில் சரக் சரக் என்று ஒரு சத்தம். கிட்டப் போனால் லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், தென்னந்துடைப்பத்தால் ரோட்டோரத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில்! "லாரிக்காரன் ஜல்லியைச் சிந்திட்டுப் போயிட்டான் தம்பி, நீங்கல்லாம் வெறுங்காலோட வருவீங்களேன்னு" என்றார். ஒரு ஐம்பது அறுபதடி தூரம் கூட்டியிருப்பார். நெற்றியில் விபூதி. கொடியேற்றம் என்றைக்கு என்று கேட்டார், சொன்னேன், தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். பேரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை, இன்றைக்கும் அது உறுத்துகிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் வந்தாலே கோவிலில் பைபிளின் எசாயா 40-ஆம் அதிகாரத்தை வாசிப்பார்கள், மலையைத் தாழ்த்து, பள்ளத்தை நிரப்பு என்று. எனக்கு அது பொக்லைன் வைத்துச் செய்ய வேண்டிய வேலை மாதிரி, ஆண்டவரே பார்த்துக்கொள்வார் என்கிற மாதிரிதான் பட்டிருக்கிறது. அதே எசாயா 62-ல் பாதையில் கிடக்கும் கல்லை எடுத்துப் போடச் சொல்லியிருப்பது அந்தப் பெரியவரைப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது. கல்லை எடுக்க யாராலும் முடியும், அதனாலேயே யாரும் எடுப்பதில்லையோ என்னவோ.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பங்குக் கோவிலில் படியேற முடியாத பாட்டிகளுக்கு ஒரு சாய்தளம் கட்ட வேண்டும் என்று பேச்சு வந்தது, நிதி இல்லை என்று தள்ளி வைத்தோம். அதே வருடம் திருவிழாவுக்கு அலங்கார வளைவு வைத்தோம். கூட்டத்தில் நானும்தான் கை தூக்கினேன். மாற்கு நற்செய்தி 2-ல் முடக்குவாதக்காரனை நாலு பேர் இயேசுவிடம் தூக்கி வந்து கூரையையே பிரித்து இறக்கினார்கள், நமக்கு நாலு மூட்டை சிமென்ட் கலக்க மனசு வரவில்லை.

*

நான் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எனக்கு நடைப்பயண அனுபவம் கிடையாது. ஆனால் இதைப் படித்ததும் எங்கள் ஊர்ச் சுமைதாங்கிக் கல் ஞாபகம் வந்தது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்களே, அதேதான். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டு வைப்பது வழக்கம். தலைச்சுமையை இறக்கிவைக்கவோ திரும்பத் தூக்கிவிடவோ ஆள் வேண்டியதில்லை, கல் தோள் உயரத்துக்கு இருக்கும்.

அப்பா போனபின் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரு அலுவலகத்துக்கு நாலு தடவை அலைந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், அவரும் ஏதோ காரியமாக வந்தவர்தான், பையிலிருந்து காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். எந்த நகல் எத்தனை, யார் கையெழுத்து, எந்த மேசைக்கு முதலில் போக வேண்டும், எல்லாம் வரிசையாக. கடைசியில் 'மதியம் 3-க்கு மேல் போகாதீர்கள்' என்று கோடு வேறு போட்டிருந்தார். எங்களோடு கூட வரவில்லை, வேலையை முடித்துக் கொடுக்கவும் இல்லை. அலைந்தது நாங்கள்தான்.

வேதாகமத்தில் கலாத்தியர் 6-ல் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்ன பவுல், மூணு வசனம் தள்ளி அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறார். பவுலே குழம்பிவிட்டாரோ என்று நினைத்திருக்கிறேன். அந்தத் தாளை அம்மா வேதாகமத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள்.

*

நடைப்பயணம் போகிற பெண்ணாக நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள்.

மோருக்குப் பஞ்சமே இல்லை. வேளாங்கண்ணி நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான பையனிடம் மாதா தன் குழந்தைக்கு மோர் கேட்டார் என்ற கதையை நினைத்துக் கொடுக்கிறவர்கள் நிறைய, நல்லதுதான். பிஸ்கட், தக்காளி சாதம், காலுக்குத் தைலம், எல்லாம் கிடைக்கும். ஆனால் இவ்வளவு மோரையும் குடித்துவிட்டு நாங்கள் எங்கே போவது என்று எந்தப் பந்தல்காரருக்கும் தோன்றியதில்லை. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்கி விழுந்த அக்காவை எனக்குத் தெரியும்.

சீர்காழி தாண்டி, விடிவதற்கு முன்னால், ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் மட்டும் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கேட் திறந்திருந்தது. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு அம்மா வாசலில் நின்று, எங்கள் கூட்டத்தில் பெண்களை மட்டும் கைகாட்டிக் கூப்பிட்டார். உள்ளே வாளி நிறையத் தண்ணீர், மக்கு, ஓரத்தில் புது சோப்பு. நாங்கள் பதினோரு பேர். ஒவ்வொருவர் வெளியே வந்ததும் அவரே குழாயைத் திறந்து வாளியை நிரப்பி வைத்தார். நான் தயங்கி நின்றதைப் பார்த்து, "போ கண்ணு, நாயைக் கட்டிட்டேன்" என்றார்.