உப்புவெளிக் கடலுக்கு எந்தக் கயாக் பொருந்தும்?

உப்புவெளிவாசி:
வணக்கம். நானும் பதினான்கு வயதுள்ள என் மகனும் விடுமுறை நாள்களில், காலை வேளையில் திருகோணமலை உப்புவெளிக் கரையை ஒட்டிச் செலுத்துவதற்கு, மேலே அமர்ந்து செல்லும் வகைக் கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு) ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறோம். இருவருக்கும் நீந்தத் தெரியும். துடுப்புப் போட்டுப் பழக்கமில்லை. என் எடை 82 கிலோ, மகனின் எடை 48 கிலோ. 10 அடி நீளமும் 34 அங்குல அகலமும் உள்ள ஒற்றை இருக்கைக் கயாக் ஒன்றைக் காட்டிய விற்பனையாளர், அகலமானது என்பதால் கவிழாது என்கிறார். விடுதி ஒன்று பாவித்து விற்கும் 13 அடி இரட்டை இருக்கைக் கயாக்கும் இருக்கிறது. எதைத் தெரிவு செய்வது நல்லது? இருவருமே அதைக் கடற்கரைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும் என்பதையும் கருத்திற் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சல்லிக் கரையோன்:
மேலே அமரும் வகையைத் தெரிவு செய்தது சரியான முடிவு. கட்டுமரத்தில் ஏறிய அலைநீர் மர இடுக்குகளால் இறங்கிவிடுவது போல, இதிலும் தட்டில் ஏறும் நீர் வடிகால் துளைகளால் தானே கடலுக்குத் திரும்பிவிடும். கவிழ்ந்தாலும் உள்ளே நீர் நிறையாது. புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.

ஆனால் கவிழுமா என்ற கேள்வியை மட்டும் வைத்து நம் கரையில் கயாக் வாங்கக்கூடாது. காற்றை எதிர்த்துத் திரும்பி வர முடியுமா என்பதே முதலில் கேட்க வேண்டியது. மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கிறது என்று நாம் நம்பி இறங்கும் அதே காலத்தில்தான் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோர மரங்களும் கட்டடங்களும் காற்றை மறைப்பதால் ஓரத்தில் நீர் அசைவற்றுக் கிடக்கும். சில நூறு மீற்றர் வெளியே போனதும் காற்று முழு வலுவோடு பிடித்து, நாம் துடுப்பை நிறுத்தி இளைப்பாறும் ஒவ்வொரு கணமும் கயாக்கை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலத்தின் ஆபத்தை அலையைப் பார்த்தே அறியலாம். கச்சானின் ஆபத்து கரையில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரியாது. இதனாலேயே, குட்டையும் அகலமுமான கயாக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது தட்டையான நீரில் அசையாமல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் மெதுவாகவே ஓடும், துடுப்புப் போடுகிற ஒவ்வொரு தடவையும் அணியம், அதாவது முன்முனை, பக்கவாட்டில் திரும்பும், எதிர்காற்றில் விரைவில் கை ஓய்ந்துவிடும். ஒருவருக்கென்றால் 11 முதல் 12 அடி நீளமும் 30 அங்குலத்தை ஒட்டிய அகலமும் உள்ளதைத் தேடுங்கள்.

உவர்மலை வாசகி:
மேலே சொல்லப்பட்ட காற்றின் காரணமாகவே நான் இரட்டைக் கயாக்கைப் பரிந்துரைக்கிறேன். பழக்கமில்லாத பிள்ளையைத் தனிக் கயாக்கில் விட்டால், களைத்துப்போன அவரைத் தகப்பன் கயிறு கட்டி இழுத்து வருவது மிகக் கடினம். ஒரே கயாக்கில் பெரியவர் கடையாரில், அதாவது பின்பகுதியில், அமர்ந்து திசையைப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் இருவரின் எடை 130 கிலோ. தண்ணீரும் பொருள்களும் சேர்ந்தால் 140 ஆகும். தயாரிப்பாளர் குறிப்பிடும் உச்ச எடையின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குள் அது அடங்க வேண்டும் என்பதால், 210 கிலோவுக்குக் குறையாத தாங்குதிறன் தேவை. சுமை கூடினால் கயாக் தாழ்ந்து, வடிகால் துளைகளால் நீர் மேலே வரும். எந்நேரமும் ஈரத்தில் அமர்ந்திருக்க நேரிடும்.

இரட்டைக் கயாக்கின் குறை அதன் எடை. 30 கிலோவைத் தாண்டுவது வழக்கம். அதற்கு இரு சக்கர வண்டி ஒன்று போதும். ஆனால் வடிகால் துளைகளுக்குள் தண்டைச் செருகித் தாங்கும் வண்டியை வாங்க வேண்டாம், அடிப்பகுதியைப் பட்டிகளால் தாங்குவதையே வாங்குங்கள். துளைகளின் விளிம்பில்தான் பிளாஸ்டிக் முதலில் வெடிக்கும்.

விடுதியின் கயாக்கைப் பார்க்கப் போகும்போதும் அந்த விளிம்புகளைத்தான் முதலில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பின்னர் வடிகுழாய் மூடியைத் திறந்து சில வாளி தண்ணீரை உள்ளே ஊற்றி, முன்னும் பின்னும் சாய்த்து, எங்காவது கசிகிறதா என்று பொறுமையாகக் கவனியுங்கள். பெரும்பாலான கயாக்குகள் பொலிஎதிலீனால் வார்க்கப்பட்டவை. அதில் சாதாரணப் பசையோ, வள்ளங்களுக்குப் பூசும் ஃபைபர் பிசினோ சரியாக ஒட்டாது, வெப்பத்தால் உருக்கித்தான் அடைக்க வேண்டும். நிறம் வெளுத்து, தடவினால் கையில் மாவாக ஒட்டுவது, பல காலம் வெயிலில் கிடந்து பிளாஸ்டிக் நைந்துவிட்டதன் அடையாளம். அப்படியிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.

உப்புவெளிவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. இரட்டைக் கயாக்கையே பார்க்கப் போகிறோம். பின்னர் நான் மட்டும் தனியாகச் செலுத்த விரும்பினால் அது சரிவருமா? பழகிய பிறகு நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் செல்லலாமா?

சல்லிக் கரையோன்:
நடுவிலும் ஓர் இருக்கை பொருத்தக்கூடிய மாதிரியாக இருந்தால் தனியாகச் செலுத்தலாம். கடையாரில் மட்டும் ஒருவர் அமர்ந்தால் அணியம் உயர்ந்து, காற்று அதைப் பிடித்துத் திருப்பிவிடும்.

புறாத்தீவு கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம்தான். ஆனால் கச்சான் தள்ளும் திசையிலேயே அது இருப்பதால், போவது எளிதாகவும் வருவது கடினமாகவும் இருக்கும். மேலும் அது 2003 முதல் தேசியப் பூங்கா. நுழைவுச்சீட்டு பெறாமல் இறங்கக் கூடாது, ஆழம் குறைந்த இடத்தில் கயாக்கும் துடுப்பும் பவளப்பாறையை உடைத்துவிடும். முதற் பருவத்தில் அதை விட்டுவிடுங்கள். திருகோணமலை உட்துறைமுகம் காற்றுக்கு மறைவாகத் தோன்றினாலும் அங்கே கடற்படைத் தளம் இருப்பதால் அனுமதியின்றி நுழைய வேண்டாம்.

துடுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இரட்டைக் கயாக் அகலமானது. 230 முதல் 240 சென்ரிமீற்றர் வரை நீளமான துடுப்பு இல்லாவிட்டால் கை விரல்கள் கயாக்கின் விளிம்பில் உரசும். துடுப்பைக் கயாக்கோடு இணைக்கும் கயிறும், இருவருக்கும் அளவான, தோள் அசைவைத் தடுக்காத உயிர்காப்பு அங்கிகளும், அவற்றில் ஒவ்வொரு விசிலும் வாங்குங்கள். அங்கியை அணிந்துகொண்டே, முதல் நாள் இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே கயாக்கைக் கவிழ்த்து, பக்கவாட்டிலிருந்து வயிறு படக் குறுக்கே ஏறிப் பின் திரும்பி அமரும் முறையை மகனுக்குப் பழக்குங்கள். கால் தரையில் படாத ஆழத்திலும் அவர் உங்கள் உதவியின்றி ஏறும் வரை, கரையை விட்டு வெளியே கொண்டு செல்ல வேண்டாம்.