அரங்கேற்ற வீடியோவைக் கல்லூரி விண்ணப்பத்தோடு அனுப்பலாமா?

சலங்கைவீடு:
மகள் இந்த வருடம் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். கணினி அறிவியல். எட்டு வருடம் பரதம் கற்றுப் போன கோடையில் அரங்கேற்றம் முடித்தாள். அந்த மூன்று மணி நேர வீடியோ, குருவின் கடிதம், அவள் செய்த ரோபோவின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாம் என்கிறேன் நான். "கேட்டதை மட்டும் கொடு" என்கிறார் அவள் அப்பா. வீட்டில் தினமும் இதே பஞ்சாயத்து.

கத்தரிக்கோல்:
அவள் அப்பா பக்கம்தான் நான். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் 650 சொல்லுக்கு ஒரு கட்டுரை. செயல்பாடுகள் பத்து, ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்து. 'கூடுதல் தகவல்' பகுதி முன்பு 650 சொல்லாக இருந்தது. 2025-26க்கு அதை 300 ஆக வெட்டிவிட்டார்கள். மூட்டை கட்டி அனுப்பாதே என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பொருள்?

பட்டறைவாசி:
அப்படியானால் எம்ஐடி எதற்காக 2013இல் 'மேக்கர் போர்ட்ஃபோலியோ' என்று, மாணவர் தானே செய்த பொருட்களைக் காட்டத் தனியாகவே ஒன்றைத் தொடங்கியது? ஆராய்ச்சிக்கு, இசைக்கு, ஓவியத்துக்கு என்று அங்கே வேறு வகைகளும் உண்டு. கட்டாயமில்லை, ஆனால் கதவு திறந்திருக்கிறது. நான் வேறொரு கல்லூரிக்கு அனுப்பியது, பாதியில் புகை வந்து நின்றுபோன ரோபோவின் படங்களை. எந்த மோட்டார் ஏன் கருகியது, அடுத்த முறை எதை மாற்றினேன் என்று படத்துக்கு இரண்டு வரி. இதை 150 எழுத்தில் சொல்ல முடியுமா சார்? இடம் கிடைத்தது.

கத்தரிக்கோல்:
தம்பி, இது இடம் கிடைத்தவர் சொல்லும் கதை. அனுப்பியும் கிடைக்காதவர் இங்கே வந்து எழுதப்போவதில்லை. அப்புறம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் போடுகிறாள் என்றால், அங்கே எட்டுக் கேள்விகளில் நான்குக்கு 350 சொல்லுக்குள் பதில். விண்ணப்பத்தோடு பரிந்துரைக் கடிதமே கேட்பதில்லை. கணினி அறிவியலுக்கு நடன வீடியோவை எங்கே செருகுவது?

நட்டுவாங்கம்:
நான் நடனம் சொல்லிக்கொடுப்பவள். சலங்கைவீடு அக்கா, அந்த வீடியோவை மறுபடி ஒருமுறை பாருங்கள். தொடக்கத்தில் குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் பேச்சு. அதன்பின் முக்கிய உருப்படியான வர்ணம் வரும்போது, நல்ல தீர்மானம், அதாவது கால்வேலை நிறைந்த அடவுக் கோவை, போகிற நேரத்தில் கேமரா மிருதங்கத்துக்குத் தாவும், இல்லையென்றால் முகத்துக்கு நெருங்கும். கால் தெரியவே தெரியாது! அனுப்புவதானால் வெற்றுச் சுவர் முன்னால், ஒரே ஷாட்டில், தலை முதல் பாதம் வரை தெரிய எடுத்தது வேண்டும். ஒரு தீர்மானம், ஒரு பதத்தில் கொஞ்சம் அபிநயம். சில நிமிடம் போதும். பல கல்லூரிகளில் அதை நடனத் துறைப் பேராசிரியர்தான் பார்ப்பார். அவருக்குப் பரதம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் உடம்பு எவ்வளவு உழைத்திருக்கிறது என்பது தெரியும்.

குருவின் கடிதம் வேறு விஷயம். "பணிவான பெண், நன்றாக வருவாள்" என்று எழுதுவார் என்றால் வேண்டவே வேண்டாம். நானே அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. பள்ளி ஆசிரியர் பார்க்காத ஒன்றை அவர் பார்த்திருந்தால் மட்டும் கேளுங்கள். அதுவும் வெளியாள் கடிதம் எத்தனை வாங்கலாம் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக வைத்திருக்கிறது. சில இடங்களில் ஒன்றுகூடக் கிடையாது.

கத்தரிக்கோல்:
நீங்கள் சொன்ன அந்தப் பேராசிரியர்தான் எனக்குப் பயம். நடனமே வாழ்க்கை என்று வருகிற பிள்ளைகளின் வீடியோக்களையும் அவரேதான் பார்க்கிறார். 'எட்டு வருடப் பரதம், அரங்கேற்றம்' என்று ஒரு வரியில் கம்பீரமாக நிற்பது, வீடியோவில் சுமாராகத் தெரிந்துவிட்டால்?

பட்டறைவாசி:
அது நியாயமான பயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோபோ? அவள் படிக்கப்போவதே அதுதானே. அதையும் கத்தரித்துவிடாதீர்கள் சார். ஆமாம், அவள் என்ன சொல்கிறாள்?

சலங்கைவீடு:
இப்போதுதான் கேட்டேன். அரங்கேற்ற வீடியோவைக் கல்லூரிக்கு அனுப்பினால் வீட்டைவிட்டே போய்விடுவாளாம். ரோபோவுக்குச் சரி என்றாள், அதுவும் கேட்கிற கல்லூரிகளுக்கு மட்டும். நட்டுவாங்கம் சொன்னதைப் படித்துக் காட்டினேன். பழைய வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "உண்மைதான், காலே இல்லை" என்று சிரிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கராஜில் ஒரே ஷாட்டில் எடுத்துப் பார்க்கலாம் என்கிறாள். போன் பிடிக்க அவள் அப்பா சம்மதித்துவிட்டார்.

கத்தரிக்கோல்:
எடுங்கள், பாருங்கள். அனுப்புவதற்கு என் ஓட்டு இன்னும் இல்லை.