டக்டஸ் வீனோசஸ்: ‘ஈரல் புறமடை’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

கருவிலுள்ள குழந்தையின் உடலில் கல்லீரலைத் தவிர்த்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் சிறு குழாயான டக்டஸ் வீனோசஸ் என்பதற்குச் ‘சிரை நாளம்’ என்ற சொல்லை நண்பர் முன்மொழிந்திருக்கிறார். அவர் உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் அச்சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இலத்தீன் சொல் இரண்டுக்கும் அது நேர்ப்பொருள் தருகிறதே ஒழிய, தமிழில் படிப்பவருக்கு எந்தக் குழாய் என்று அடையாளம் காட்டவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நாளம் என்பது இரத்தக் குழாய்கள் அனைத்துக்கும் பொதுப்பெயர் என்பதால், ‘சிரை நாளம்’ என்றால் ஏதோ ஒரு சிரை என்றே கொள்வார்கள். இலங்கைப் பாடநூல்களிலோ நாளம் என்பதே சிரையைத்தான் குறிக்கும்; தமனிக்கு அங்கே நாடி என்று பெயர். இரு கரையினரும் தயங்காமல் எடுத்தாள வேண்டிய சொல்லில் நாளம், நாடி இரண்டையும் தவிர்த்துவிடுவதே நல்லது.

பெயரை அந்த உறுப்பின் வேலையிலிருந்து எடுக்கலாம் என்பது என் கருத்து. நஞ்சுக்கொடியில் உயிர்வளியும் ஊட்டமும் ஏற்ற இரத்தம் தொப்புள்கொடிச் சிரை வழியே கருவின் உடலுக்குள் வந்ததும், அதன் பெரும்பகுதி கல்லீரலுக்குள் பாய்கிறது. மீதி மட்டும் கல்லீரலைத் தொடாமல் டக்டஸ் வீனோசஸ் என்ற இந்தக் குறுங்குழாய் வழியே கீழ்ப்பெருஞ்சிரையை அடைந்து, அங்கிருந்து இதயத்தின் இடப்பக்கத்துக்கும் மூளைக்கும் போகிறது. ஏறத்தாழ 20ஆம் வாரத்தில் 30 விழுக்காடாக இருக்கும் இந்தப் பங்கு, 30 வாரங்களுக்குப் பின் 20 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. குழாயின் வாய் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. அவ்வளவு குறுகலாக இருப்பதால்தான் இரத்தம் அங்கே பீறிட்டு ஓடுகிறது.

என் தங்கைக்கு ஏழாம் மாதத்தில் ஸ்கேன் எடுத்தபோது இதை நேரில் கண்டேன். அவளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்ததால் இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளரும் பார்த்தார்கள். திரையில் ஒரே சீராக வந்த நிறம், அந்தக் குறுகிய வாயை எட்டியதும் சட்டென்று மாறிப் பளிச்சிட்டது. அங்கே வேகம் கூடுகிறது என்று மருத்துவர் விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு அறிக்கையைப் பார்த்து “டிவி நார்மல்” என்றார்; டக்டஸ் வீனோசஸின் ஆங்கிலச் சுருக்கம் அது. தங்கை வெளியே வந்து, “குழந்தைக்குள்ள டிவின்னு எதைண்ணா சொல்றாங்க?” என்று கேட்டாள். ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னிடம் தமிழில் ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் குறைதான் இதை எழுதத் தூண்டியது.

அந்த வாய் எவ்வளவு இரத்தத்தை விடுகிறது என்பது கருவின் தேவையை மட்டும் சார்ந்ததன்று. உயிர்வளி குறைந்தால் மூளையையும் இதயத்தையும் காக்க அந்தப் பங்கு உயர்கிறது. தாயின் உடல்நிலையும் அதை மாற்றுகிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், உடற்கொழுப்புக் குறைந்த தாய்மாரின் கருக்களிலும் சமனற்ற உணவு உண்ட தாய்மாரின் கருக்களிலும், 36ஆம் வாரத்தில் கல்லீரலுக்குக் கூடுதலாக இரத்தம் பாய்ந்ததும் இந்தக் குறுக்குவழியில் குறைவாகப் போனதும் தெரியவந்தன. தாய்க்கு நீரிழிவு இருந்தாலும் இப்பங்கீடு மாறுகிறது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடக்கும், அவளுடைய இன்சுலின் கடக்காது. ஆகவே கரு தானே மிகுதியாக இன்சுலின் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாகச் சேர்க்கிறது. கல்லீரலுக்கு எவ்வளவு, மூளைக்கு எவ்வளவு என்ற பாசனக் கணக்கு இது.

பாசனம் என்றதும் மடை என்ற சொல் தானே வந்து நிற்கிறது. குறுகிய வாய், பாயும் வேகம், பங்கிட்டு விடுதல் மூன்றும் அதில் அடங்கியுள்ளன. ‘ஈரல் மடை’ என்றே முதலில் எண்ணினேன். அது ஈரலுக்குள் பாய்ச்சும் மடை என்று தலைகீழாகப் பொருள்படும் என மருத்துவ நண்பர் ஒருவர் எச்சரித்தார், அவர் சொன்னது சரிதான். புறவழிச்சாலை எல்லாரும் அறிந்தது என்பதால் ‘ஈரல் புறவழி’ என்றும் வைக்கலாம். ஆனால் வழி என்பது திறந்தே கிடப்பது, கூட்டிக் குறைக்கும் பொருள் அதில் இல்லை. ஆகவே ‘ஈரல் புறமடை’ என்பதை முன்வைக்கிறேன். பிறந்த சில நாளில் இது அடைபட்டுப் பின்னர் நாராகிவிடுவதால், அந்த எச்சத்துக்கு ‘மடைநார்’ பொருந்தும்.

இதை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: “தாயின் வளர்சிதை நலம் குன்றும்போது ஈரல் புறமடை வழியே செல்லும் இரத்தத்தின் பங்கு மாறுகிறது.” ‘வளர்சிதை’ என்ற இடத்தில் இலங்கை நண்பர்கள் ‘அனுசேபம்’ என்பார்கள்; அதைத் தனியே பேசலாம்.

கருவில் நுரையீரலுக்குப் போகும் இரத்தத்தை மகாதமனிக்குத் திருப்பிவிடும் குழாயான டக்டஸ் ஆர்டீரியோசஸுக்கும் இதே முறையில் ‘நுரையீரல் புறமடை’ என்று வைக்கலாம் என்றாலும், இதய மேலறைகளுக்கு இடையிலுள்ள துளையான ஃபொரமென் ஓவலேயும் நுரையீரலைத் தவிர்க்கும் வழியே என்பதால் அங்கே குழப்பம் வரும். மகப்பேற்று மருத்துவம் அறிந்தவர்கள் இந்த இடத்தில் தங்கள் கருத்தைத் தர வேண்டுகிறேன்.