வறட்சியில் குதிரைகளுக்குப் புல்கட்டு வாங்குவது: அவசர உதவி தேவை

செவலைக்குதிரை:
மேய்ச்சல் நிலம் முழுக்கக் கருகிவிட்டது. வழக்கமாகப் புல்கட்டு தருபவர் கையை விரித்துவிட்டார். வேறொருவர் லாரியில் தட்டை கொண்டுவருகிறேன், முழு லோடும் எடுத்தால்தான் தருவேன் என்கிறார். பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா? எத்தனை கட்டு சொல்வது? இன்று இரவுக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தீவனக்கணக்கு:
எத்தனை குதிரைகள்? எடை என்ன? வேலை வாங்குகிறீர்களா, சும்மா நிற்கிறதா? ஒரு கட்டு எத்தனை கிலோ? இதெல்லாம் தெரியாமல் எத்தனை கட்டு என்று எப்படிச் சொல்வது?

மேட்டுநிலம்:
கவலையே வேண்டாம். வைக்கோலில் யூரியாக் கரைசல் தெளித்து மூடி வைத்துக் கொடுங்கள். வறட்சியில் எங்கள் மாடுகளை அப்படித்தான் காப்பாற்றினோம். புரதமும் கூடும்.

பழையலாயம்:
கோடை வந்தால் இதே கேள்வி. அறுவடை முடிந்ததும் வாங்கி அடுக்கியிருந்தால் இப்போது லாரிக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. குதிரை வைத்திருப்பவர் முதலில் படிக்க வேண்டியது தீவன இருப்பைப் பற்றித்தான். இழையின் மேலே தேடு பொத்தான் இருக்கிறது.

வெள்ளைப்பிடரி:
அதை அப்புறம் பேசலாம் சார், பாவம் இரவுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். செவலைக்குதிரை, அது என்ன தட்டை? எந்தப் பயிர்? அதுதான் முக்கியம்.

செவலைக்குதிரை:
4 குதிரைகள். ஒவ்வொன்றும் சுமார் 400 கிலோ இருக்கும். சோளத்தட்டை என்றார். குதிரைகளில் ஒன்றுக்குப் போன வருடம் லாமினைடிஸ் (குளம்புக்குள் வரும் அழற்சி) வந்தது, அதையும் சொல்ல வேண்டுமா?

வெள்ளைப்பிடரி:
கட்டாயம் சொல்ல வேண்டும், முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்!

சோளத்தட்டையைப் பற்றி: குதிரைக்கு நான் வாங்கமாட்டேன். சோளம், அதன் இனமான ‘சூடான் புல்’ இரண்டும் குதிரைக்குச் சிறுநீர்ப்பையையும் பின்னங்கால்களின் நரம்புகளையும் கெடுக்கக்கூடியவை. நடை தள்ளாடும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பச்சையாக மேயும்போதுதான் இது அதிகம். உலர்ந்தால் அதிலுள்ள சயனைடு நஞ்சு பெருமளவு குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் வறட்சியில் வாடிய பயிரில் நைட்ரேட் என்ற உப்பு சேரும், அளவு மீறினால் அதுவும் நஞ்சுதான், அதுவும் தண்டின் அடியில். அது காய வைத்தாலும் போகாது. வாடிய பயிரில் மழை விழுந்து சில நாளில் அறுத்திருந்தால் இன்னும் மோசம். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல், வெறும் பச்சை நிறத்தை நம்பி லாரியை இறக்காதீர்கள்.

தீவனக்கணக்கு:
சரி, இப்போது கணக்குப் போடலாம். நாளுக்கு உடல் எடையில் 2 சதவீதம் உலர்பொருள், அதாவது ஈரத்தைக் கழித்த தீவன எடை. 400 கிலோவுக்கு 8 கிலோ. புல்லில் கொஞ்சம் ஈரம் இருப்பதால், எடை போட்டால் ஒரு குதிரைக்கு நாளுக்கு 9 கிலோ என்று வையுங்கள். நான்குக்கும் 36 கிலோ. 30 நாளுக்கு 1,080 கிலோ. மிதிபட்டும் சிதறியும் வீணாவதைச் சேர்த்தால் 1,200 கிலோ. கட்டுக் கணக்கில் பேசாமல் கிலோ கணக்கில் பேசுங்கள், கட்டுக்குக் கட்டு எடை மாறும். இருப்பு பற்றாவிட்டாலும் 1.5 சதவீதத்துக்குக் கீழே இறங்காதீர்கள். ஒரேயடியாகப் புதுப் புல்லுக்கு மாற்றவும் வேண்டாம். பழையதோடு கலந்து 10 நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கோலிக் (கடும் வயிற்றுவலி) வரும் ஆபத்து கூடும்.

மேட்டுநிலம்:
யூரியா வைக்கோலை யாருமே கவனிக்கவில்லையே. விலையும் குறைவுதான்.

வெள்ளைப்பிடரி:
மாட்டுக்குச் சரி. மாட்டின் முன்வயிற்று நுண்ணுயிர்கள்தான் யூரியாவைப் புரதமாக்குகின்றன. குதிரைக்கு நொதிப்பு நடப்பது பின்குடலில். யூரியா பெரும்பகுதி அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரோடு போய்விடும். வைக்கோலையே முழு உணவாகக் கொடுத்தால் குடல் அடைக்கலாம், அதுவும் தண்ணீர் குறைவான காலத்தில்.

மேட்டுநிலம்:
என் மாமா குதிரைக்கு வைக்கோல் கொடுத்துத்தான் வளர்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

பழையலாயம்:
உங்கள் மாமா தப்பித்தார் என்பதற்காக இவர் குதிரைகள் தப்பிக்க வேண்டுமா? மாட்டையும் குதிரையையும் ஒரே தராசில் வைப்பவர்கள் இந்த இழைகளில் ஆலோசனை சொல்லாமல் இருப்பது நல்லது. புல் போதவில்லை என்று மாட்டுத் தீவனத்தை எடுப்பவர்களுக்கும் சொல்கிறேன்: மோனென்சின் என்ற மருந்து கலந்த தீவனம் உரிய அளவில் மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, குதிரைக்கோ சிறு அளவே இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். மூட்டை லேபிளைப் படியுங்கள்.

மேட்டுநிலம்:
ஆலோசனை சொல்ல யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஈரமூக்கு:
இருவரும் தனி இழை தொடங்கிப் பேசுங்கள்.

செவலைக்குதிரை, சோளம் வேண்டாம் என்றால் போன வருடத்துப் புல்கட்டு எங்காவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். நனையாமல் இருந்திருந்தால் அது நல்ல தீவனமே. வைட்டமின் ஏ, ஈ இரண்டும் குறைந்திருக்கும், அதைத் தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம். வாங்கும்போது ஒரு கட்டையாவது நடுவில் பிரியுங்கள். வெளிப்பக்கம் வெளுத்திருந்தால் பரவாயில்லை, வெயில் பட்டிருக்கும். உள்ளே கையை விட்டுப் பாருங்கள்: சூடாக இருந்தாலோ, உதறினால் வெள்ளைத் தூசி பறந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ திருப்பி அனுப்புங்கள். வறட்சியில் புல் அடர்த்தியாக இருக்காது, களை கூடும். தெரியாத தண்டு, காய் இருந்தால் எடுத்துப் படம் போடுங்கள்.

லாமினைடிஸ் வந்த குதிரைக்கு மட்டும் புல்லைத் தனியாகக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள், சர்க்கரை கொஞ்சம் குறையும். வறட்சியில் வளர்ந்த புல்லில் சர்க்கரை கூடியிருக்கலாம். வெயிலில் ஊற வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், புளித்துவிடும். அப்புறம், வெறும் மண்ணில் போடாமல் தொட்டியிலோ வலையிலோ போடுங்கள், மணல் குடலில் சேரும்.

தீவனக்கணக்கு:
தண்ணீர்? ஒரு குதிரைக்கு நாளுக்கு 30 லிட்டருக்கு மேல் ஆகும், உலர்புல் தின்றால் இன்னும் கூடும். கிணறு தாங்குமா?

செவலைக்குதிரை:
எல்லோருக்கும் நன்றி. சோளத்தட்டையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெரிந்தவர் கொட்டகையில் போன பருவத்துப் புல் இருக்கிறதாம், நாளை பார்க்கப் போகிறேன்.

ஈரமூக்கு:
எடைபோடும் தராசையும் கொண்டு போங்கள். கிணறு பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.