சிக்னல் இல்லாத பள்ளிக்கூடத்தில் எது கைகொடுத்தது? – அனுபவப் பகிர்வு

களக்காடு பக்கம், நடுநிலைப்பள்ளி ஆசிரியை (நூலகப் பொறுப்பும்)

எங்கள் பள்ளி மலையடிவாரத்தில் இருக்கிறது. நல்ல நாளிலேயே டவர் ஒரு கோடுதான் காட்டும். மழை பிடித்துவிட்டால் அதுவும் போய்விடும். 2018-ல் புதுப் பாடப்புத்தகம் வந்தபோது க்யூஆர் கோடும் சேர்ந்து வந்தது. அரசின் கல்விச் செயலியான திக்ஷாவில் ஸ்கேன் செய்தால் காணொளி ஓடும் என்றார்கள். எங்கள் வகுப்பில் வட்டம்தான் சுற்றும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், பாடவேளை பாதி போய்விடும். அதனால் வகுப்பில் இணையத்தை நம்புவதையே விட்டுவிட்டேன். எது வேண்டுமோ அதை வீட்டிலேயே இறக்கி, பாடத்தின் பெயரைப் போட்டு மடிக்கணினியில் வைத்துக்கொள்கிறேன். திக்ஷாவிலும் முன்கூட்டியே இறக்கி வைக்கலாம்.

அதிகம் உதவியது கிவிக்ஸ். இலவச மென்பொருள். தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டால், அதன்பிறகு இணையமே வேண்டாம். முதல் தடவை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, "உங்களுக்குத் தெரிஞ்ச எதையாவது தேடுங்க" என்றேன். ஒருத்தி தாமிரபரணி என்று அடித்தாள். "டீச்சர், பொதிகைல பொறக்கு, புன்னைக்காயல் பக்கம் கடல்ல சேருதுன்னு போட்டிருக்கு. எங்க மாமா வீடு காரையார்லதான் இருக்கு!" அதற்குப் பிறகு யாரும் நான் சொல்லுவதைக் கேட்கவில்லை. பாபநாசம், அம்பாசமுத்திரம் என்று நீல எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு ஆற்றோரமாகவே போய், ஆதிச்சநல்லூரில் நின்றார்கள். தாழிக்குள் ஆளை வைத்துப் புதைத்தார்களா என்று ஒரே சத்தம். மறுநாள் நூலக அலமாரியைத் திறந்து, ஆதிச்சநல்லூரைப் பற்றி நம்மிடம் என்ன இருக்கிறது என்று தேடச் சொன்னேன். யாரும் தொடாமல் கிடந்த மாவட்ட வரலாற்றுப் புத்தகம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். திரையில் தொடங்கினது அலமாரிக்கு வந்து சேர வேண்டும்.

அறிவியலுக்கு ஃபெட் உருவகங்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவை. தமிழாக்கம் செய்தவையும் இருக்கின்றன. கோப்பாக இறக்கினால் பிரவுசரிலேயே திறக்கும். மின்னியல் பாடத்தில் பல்பையும் பேட்டரியையும் திரையில் இணைத்துப் பார்த்துவிட்டு, உடனே நிஜ ஒயரைக் கையில் கொடுத்துவிடுவேன்.

பாளையங்கோட்டை, மேல்நிலைப்பள்ளி நூலகர்

டீச்சர் சொன்ன அலமாரியிலிருந்தே நான் தொடங்குகிறேன். பிளஸ் ஒன் பையன் ஒருவன் புதுமைப்பித்தன் கதைகள் கேட்டு வந்தான். கணினியில் தேடினால் இல்லை என்றது. ஆனால் எனக்குத் தெரியும், 894.811 எண் போட்ட தட்டில் அந்தப் புத்தகம் இருக்கிறது. நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு அந்த எண்தான். நெல்லைக்காரர் எழுத்தே நெல்லையில் இல்லை என்று ஒரு கணினி சொன்னால் எப்படி விட முடியும்?

காரணம் எழுத்துரு. முன்பு இருப்புப் பதிவேட்டை எக்செலில் ஏற்றியவர்கள் பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். திரையில் தமிழாகத் தெரியும். கணினிக்கோ அது ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குவியல். இன்றைக்கு எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது, ஆனால் பல பள்ளிகளில் இன்னும் பழைய கோப்புகள்தான் ஓடுகின்றன. எழுத்துரு மாற்றியில் போட்டு முழுப் பட்டியலையும் மாற்றினேன். மாற்றின பிறகும் வேலை தீரவில்லை. ஓரிடத்தில் புதுமைப்பித்தன், ஓரிடத்தில் ஒற்று இல்லாமல் புதுமைபித்தன், இன்னோரிடத்தில் சொ. விருத்தாசலம். மூன்றும் ஒரே ஆள் என்று கணினிக்கு யார் சொல்லுவது? நாம்தான். ஆசிரியர் பெயருக்கு ஒரே வடிவத்தை முடிவு செய்து, புத்தகம் நூலகத்துக்கு வந்தபோது கொடுத்த சேர்க்கை எண் வரிசைப்படி ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அலுப்பான வேலைதான். ஆனால் வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல் எழுதிவைத்தாரே, அவருடைய ஐந்து நூலக விதிகளில் அந்த நான்காம் விதிக்கு நம்மளவில் செய்யக்கூடியது இதுதான்.

கோஹா போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நல்ல நூலக மென்பொருள், இலவசம், 2000-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, இப்போது உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதற்கு லினக்ஸ் தெரிந்து பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாத பள்ளிக்கு ஒழுங்கான ஓர் எக்செல் கோப்பே போதும். பட்டியல் சுத்தமாக இருந்தால் பிறகு எதிலும் ஏற்றிக்கொள்ளலாம்.

சேரன்மகாதேவி, தொடக்கப்பள்ளி ஆசிரியர்

எங்களுக்கு ஸ்டோரிவீவர்தான். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய தளம். தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாக இருக்கும். திறந்த உரிமம் என்பதால் அச்சடிக்கலாம், மாற்றியும் எழுதலாம். எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் காட்டி, "நீங்களே கதை சொல்லுங்க" என்பேன். படத்தில் ஏதோ ஒரு மரம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பனையாக்கி, கீழே ஒரு தாத்தாவைப் பதனீர் விற்க வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதி, படத்தின் கீழே ஒட்டினேன். எழுத்துக்கூட்டவே தயங்குகிற பையன்கூட அந்தக் கதையை முழுசாக வாசித்தான், அது அவன் சொன்ன வரி என்பதால்.

வருத்தமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில், இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிறவர்களின் புத்தகங்களே பிடிஎஃப் ஆக வருகின்றன. தயவுசெய்து அதைப் பிள்ளைகளிடம் பரப்ப வேண்டாம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998-லிருந்து இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. நாட்டுடைமை ஆக்கப்பட்டவர்கள் எழுதியது விக்கிமூலத்தில் நிறையக் கிடைக்கிறது. முறையாக எடுக்க இவ்வளவு இருக்கும்போது திருட்டுப் பிரதி எதற்கு?

களக்காடு ஆசிரியை

சார், அந்தப் பனைக் கதையை எங்கள் பிள்ளைகளுக்கும் அனுப்புங்க. நூலகர் சார், பெயர் வடிவங்களை முடிவு செய்த உங்கள் பட்டியலைப் பகிர முடியுமா? ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாக அதையே செய்ய வேண்டாமே. கிவிக்ஸ் கோப்பு வேண்டியவர்கள் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது பென்டிரைவ் கொண்டு வாங்க, ஏற்றித் தருகிறேன்.