கிளேஸ்: ‘மெருகு’ போதுமா, ‘உருகுபூச்சு’ என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம். மண்பாண்டத்தின் மேல் பூசும் ‘கிளேஸ்’ (glaze) என்பதற்குத் தமிழில் ‘உருகுபூச்சு’ எனலாம் என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘மெருகு’ என்று ஒரு சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, மண்பாண்ட வேலையில் மெருகிடுவது என்பது வேறு. அரைகுறையாகக் காய்ந்த பானையைக் கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்களே, அதற்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். அதில் மேலே எதுவும் பூசுவதில்லை. கிளேஸ் தனியாகப் பூசிச் சூளையில் உருக்குகிற கண்ணாடிப் படலம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் புதிதாகக் கற்பவர் தடுமாறுவார். ‘பளபளப்பு’ என்பதும் சரிவராது. பளபளக்காத மேட் கிளேஸும் உண்டே!

பெங்களூரில் நான் போகும் வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் சிலர் இருக்கிறோம். அங்கே தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். சுமார் 1000 டிகிரி செல்சியஸில் ஒருமுறை சுட்ட கிண்ணத்தைக் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்தால், மண் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். பொடி மட்டும் திருநீறு பூசியதுபோல் மேலே நிற்கும். விரல் பட்டால் உதிரும். மறுபடியும் 1200 டிகிரிக்கு மேல் சுடும்போதுதான் அது உருகிக் கண்ணாடியாகி உடலோடு பிடித்துக்கொள்ளும். கிண்ணத்தின் அடியில் மெழுகு தடவி அங்கே பூச்சு ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான். இல்லாவிட்டால் கிண்ணம் சூளைத் தட்டோடு ஒட்டிப்போகும்.

கலவையில் சேர்ப்பதெல்லாம் இந்த உருகலைக் கணக்கிட்டுத்தான். சிலிக்கா தனியாக உருக 1700 டிகிரி வேண்டும். அந்த வெப்பநிலையைக் கீழே இறக்கச் சேர்ப்பது இளக்கி (ஃப்ளக்ஸ்). உருகியது வழிந்தோடாமல் நிறுத்த அலுமினா.

அதனால்தான் ‘உருகுபூச்சு’ என்கிறேன். ஊறுகாய் மாதிரி இதுவும் வினைத்தொகை, முக்காலமும் அடங்கும். வாளியில் இருப்பது உருகப்போகும் பூச்சு, சுட்டபின் இருப்பது உருகிய பூச்சு. மேட் கிளேஸை ‘மங்கல் உருகுபூச்சு’ எனலாம்.

> சுடாத கலத்துக்கு என்ன சொல்வது?

அதற்கு நாம் யோசிக்கவே வேண்டாம். குறள் 660-இல் ‘பசுமட்கலம்’ இருக்கிறது. நீர் ஊற்றினால் தாங்காத சுடாத கலம். பொருள் அப்படியே பொருந்துகிறது.

பிஸ்க், அதாவது கிளேஸ் பூசுமுன் ஒருமுறை சுட்ட கலம், அதற்குச் சொல் தேடுவதுதான் இடிக்கிறது. ‘சுடுமண்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பெங்களூரில் குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனில் விற்கும் அகல் சுடுமண். சூளையை விட்டு வந்ததும் விளக்கேற்றலாம். பிஸ்க் இன்னொரு முறை சூளைக்குப் போக வேண்டியது. ‘முதற்சூட்டுக் கலம்’ என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், வாயில் நுழைகிறது, ஆனால் நீளம். சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.