பொருள்: மறு: வி.ஆர். அசெம்ப்ளி டிரெயினிங் – 'பூட்டல் ஒத்திகை' எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

தலையில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணினி காட்டும் பாகங்களைச் சேர்த்துப் பழகும் 'விர்ச்சுவல் ரியாலிட்டி (வி.ஆர்.) அசெம்ப்ளி டிரெயினிங்'குக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த இழையில் பேசி வருகிறோம். மெய்நிகர் ஒருங்கிணைப்புப் பயிற்சி, மாயப் பொருத்துப் பயிற்சி, பாவனைத் தொகுப்புப் பயிற்சி என்று வந்த மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். மூன்றுக்கும் பின்னால் உழைப்பு இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு சொற்களைப் பற்றியே எல்லோரும் வாதாடுகிறோம். கடைசியில் நிற்கும் 'பயிற்சி'யை யாரும் தொடவில்லை. ஓசூரில் எஞ்சின் பூட்டும் பிரிவில் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவன் நான். எனக்கு அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பென்னாகரத்திலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ பிளஸ் டூ முடித்து வந்த ஒரு பெண் அதை மாட்டிக்கொள்கிறார். எதிரே ஒரு மேசை, அதன்மேல் சிலிண்டர், பக்கத்தில் பாகங்கள். கைப்பிடியின் விசையை அழுத்திப் பிஸ்டனை எடுக்கிறார். பிஸ்டன் தலையில் உள்ள குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், பிஸ்டனைச் சுற்றிப் போடும் ரிங்குகளின் வெட்டுவாய்கள் ஒரே கோட்டில் வராமல் எப்படித் தள்ளித் தள்ளி அமைய வேண்டும், பின்னைச் செருகியதும் அது நழுவாமல் இரண்டு பக்கமும் சர்க்கிளிப் என்னும் கம்பி வளையம் போட்டாயிற்றா, ஹெட் போல்ட்டுகளை எந்த வரிசையில் குறுக்கும் மறுக்குமாக, ஒரேயடியாக இறுக்காமல் படிப்படியாக முடுக்க வேண்டும் என்பதெல்லாம் மனத்தில் ஏறிவிடுகிறது. தவறு செய்தால் திரை சிவக்கிறது, திரும்பச் செய்கிறார். ஒரு பாகமும் வீணாகவில்லை, யார் விரலும் நசுங்கவில்லை, ஓடுகிற உற்பத்தி லைனும் நிற்கவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நான்கும் புழங்கும் எங்கள் ஊரில், பேச்சே இல்லாமல் வரிசையைக் காட்டிவிடுவது பெரிய உதவி. இந்தக் கருவியை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அங்கே பாகத்தை அதன் இடத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாலே போதும், தானாக ஒட்டி உட்கார்ந்துவிடும். பெரும்பாலான மென்பொருள்களில் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். உண்மையான மேசையில் போல்ட் சற்றே கோணினாலும் மரை ஏறாது. வலிந்து முடுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். மரை சரியாகப் பிடித்ததா என்பதை முதல் இரண்டு சுற்றிலேயே விரல் சொல்லிவிடும். கைப்பிடியோ அதிரத்தான் அதிரும், எதிர்த்து நிற்காது. சர்க்கிளிப் இடுக்கி நுனியிலிருந்து தெறித்து, எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் விழுவது கண்ணாடிக்குள் நடப்பதே இல்லை. மேசையில் அது நடக்கும். அதனால்தான் சர்க்கிளிப் போடுவதற்கு முன் கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடைக்கச் சொல்கிறோம்.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு வரிசை தெரிந்திருக்கிறது, கைப்பழக்கம் இன்னும் வரவில்லை. திறன் அட்டையில் 'பயிற்சி முடித்தவர்' என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டால், மறுநாள் அவரை லைனில் நிறுத்த யாரும் தயங்கமாட்டார்கள். மரை போனால் பழி அவர்மேல்தான் விழும். சொல் தவறாக அமைந்தால் அதற்கு விலை கொடுப்பவர் தொழிலாளி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அதனால் 'ஒத்திகை' என்று சொல்லலாம் என்கிறேன். இதைத் தொழிற்சாலைக்கு நாம் புதிதாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. தீயணைப்பு ஒத்திகை, பேரிடர் ஒத்திகை என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன, அறிவிப்புப் பலகைகளிலும் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூத்துக் குழுக்களுக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் தெரிந்த சொல். ஒத்திகை பார்த்தவர் ஆட்டம் ஆடி முடித்துவிட்டார் என்று எவரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அடுத்து உண்மையான ஒன்று பாக்கி இருக்கிறது என்பது சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 'ஒத்திக்கு விடுவது' நினைவுக்கு வரும் என்று ஒருவர் தடை சொல்லக்கூடும். வாக்கியத்தில் வரும்போது இரண்டும் குழம்புவதில்லை.

அடுத்தது அசெம்ப்ளி. 'ஒருங்கிணைப்பு' என்றால் ஒருங்கிணைப்பாளர்தான் நினைவுக்கு வருகிறார். 'தொகுப்பு' நூலுக்குப் போய்விட்டது. 'பொருத்துதல்' நல்ல சொல்தான், ஆனால் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டருக்குப் 'பொருத்துநர்' என்று ஏற்கெனவே வழங்குகிறது, அது அரம் பிடித்து அளவுக்கு இழைக்கிற தனித்தொழில். பட்டறையில் வேலை செய்கிறவரைக் கேளுங்கள், 'எஞ்சினைக் கழற்றிப் பூட்டினேன்' என்பார். ஏரைப் பூட்டுகிறோம், வில்லில் நாணைப் பூட்டுகிறோம், நன்னூல் படித்தவர்களுக்கு, செய்யுளின் முதலும் முடிவும் நாண் பூட்டிய வில்போல இணைந்து பொருள் தரும் பூட்டுவிற் பொருள்கோள் தெரியும். தனித்தனியாக இருப்பவற்றை இணைத்து வேலைக்கு ஆயத்தமாக்குவது என்ற பொருள் பழையது, இன்றும் உயிரோடிருக்கிறது. பிரிப்பதற்குக் 'கழற்றல்' கேட்காமலே கிடைத்துவிடுகிறது. 'பூட்டு ஒத்திகை' என்றால் திண்டுக்கல் பூட்டு குறுக்கே வரும். 'பூட்டல்' என்றால் வராது.

இனி விர்ச்சுவல். எல்லாத் துறைக்கும் ஒரே சொல் வேண்டும் என்று சேலத்து நண்பர் வலியுறுத்துகிறார். தமிழ் அப்படி நடந்துகொள்ளவில்லை. பள்ளி இயற்பியலில் மாயபிம்பம், கணினியில் மெய்நிகர் நினைவகம், நீரியலில் மறைநீர் (ஒரு பொருளை உண்டாக்கச் செலவான நீர்): ஆங்கிலத்தில் மூன்றுக்கும் முன்னால் நிற்பது 'விர்ச்சுவல்' ஒன்றே. அந்தந்த இடத்தில் எது விளங்குமோ அதைத்தான் எடுத்திருக்கிறோம். 'மாய' என்பதை நம் பலகையில் எழுத எனக்கு மனமில்லை. 'இளம்பெண் மாயம்' என்று தினமும் படிக்கிறவர்களுக்கு அது காணாமற்போனதைத்தான் சொல்லும். 'பாவனை' தமிழகத்தில் ஒத்துவரும், இலங்கையில் அது பயன்பாட்டைக் குறிக்கும். 'மெய்நிகர்' அழகான சொல், ஆனால் 2020 ஊரடங்குக்குப் பிறகு மெய்நிகர் வகுப்பு என்றால் கைப்பேசியில் ஆசிரியர் முகம் தெரிகிற வகுப்பு என்றுதான் பிள்ளைகளுக்குப் பழகியிருக்கிறது. இங்கேயோ ஆள் ஒரு வெளிக்குள் நிற்கிறார், திரும்பிப் பார்க்கிறார், குனிகிறார். ஆகவே 'நிகர்வெளி' என்கிறேன். முழுப்பெயர் நிகர்வெளிப் பூட்டல் ஒத்திகை. பேச்சில் சுருங்கும்போது 'ஒத்திகை' மிஞ்சும், அதுவே நமக்கு வேண்டியது. அசைவைக் கண் காணும்போது உட்காது அதை உணராததால் வருகிற தலைசுற்றலுக்கும் 'நிகர்வெளி மயக்கம்' என்று பெயர் கிடைத்துவிடுகிறது.

உண்மையான பாகத்தின்மேல் குறிப்புகளை ஒட்டிக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டியை இதோடு சேர்க்க வேண்டாம். அந்தப் பெயரே பூட்டல் தொழிலில் பிறந்ததுதான்: 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் விமானத்துக்கான வயர்களை அடுக்குகிற தொழிலாளர்களுக்கு உதவ முயன்றபோது டாம் காடெல், டேவிட் மைசெல் இருவரும் வைத்த பெயர். அங்கே தொழிலாளியின் கை உண்மையான பாகத்தைத்தான் தொடுகிறது. அதைப் பயிற்சி என்றே சொல்லலாம். என் பரிந்துரை 'மேலிடு காட்சி'. வேறு நல்லது இருந்தால் ஏற்கிறேன்.

கையேட்டுக்கு நான் எழுதிய வரையறை:

நிகர்வெளிப் பூட்டல் ஒத்திகை – கண்ணாடித்திரை அணிந்து, கணினி உருவாக்கிய வெளியில் ஓர் இயந்திரத்தின் பாகங்களை உரிய வரிசையில் பூட்டிப் பார்த்தல். இதை முடித்தவர் உண்மையான பாகங்களில், பயிற்றுநர் முன்னிலையில் கைப்பயிற்சி பெற்ற பின்னரே லைனில் வேலைக்கு அமர்த்தப்பட வேண்டும்.

இரண்டாம் வாக்கியம் வரையறைக்கு மிகை, அதை அடிக்குறிப்பாக்கலாம் என்று சிலருக்குத் தோன்றலாம். அடிக்குறிப்பை மேற்பார்வையாளர் படிப்பதில்லை. அது உள்ளேயே இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். 'கண்ணாடித்திரை' பற்றி எனக்கே முழு நிறைவு இல்லை. பிள்ளைகள் வெறுமனே 'கண்ணாடி' என்கிறார்கள். அதைப் பற்றித் தனி இழை தொடங்கலாமா?